இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பும் வேலை

பாப்பாவுக்கு,

நாற்பதைத் தொடப்போகிறவளை இன்னும் பாப்பா என்கிறாயே என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. முறைத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் "ஒரு விஷயம்மா" என்று ஆரம்பிப்பதற்குள் நீ "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். அப்புறம் நீ கூப்பிடும்போது எனக்குத் தைரியம் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்தவர் சொன்னதை டைப் அடித்தே உத்தியோகத்தை முடித்தவள், சொந்தப் பேச்சை எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். இதை நீ மட்டும் படித்தாலும் சரி, உன் ஆபீஸில் நாலு பேருக்குக் காட்டினாலும் சரி, இனி ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை எடுத்துப் போகிறேன் என்று சொன்னாய். நெகடிவ் எல்லாம், அவர் எழுதி வைத்த நோட்டு எல்லாம். அவர் கையெழுத்துப் போட ஒரு காகிதமும் அனுப்பியிருக்கிறாய். உன் கம்பெனி உப்பங்கழியோரம் கட்டுகிற வீடுகளுக்கு ஒரு வரவேற்புக் கூடம் வருகிறது, அதில் ஒரு சுவர் முழுக்க அவர் எடுத்த படங்கள்தான், கீழே அவர் பெயர்தான் என்றாய். "அப்பாவுக்கு ஒரு மரியாதைம்மா" என்றாய். நீ மனதாரத்தான் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் காகிதம் நாலு நாளாகக் காலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. அவர் கையைப் பிடித்துப் போட வைக்கவும் மனம் வரவில்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. நீ அந்தப் பெட்டியைத் திறக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நேரே சொல்ல எனக்கு வராது. சுற்றித்தான் வருவேன்.

உன் அப்பா கேமராவைத் தூக்கிய காலத்தில் செங்கல்பட்டில் போட்டோ என்றால் கல்யாணம், காதுகுத்து, சாவு, பாஸ்போர்ட், அவ்வளவுதான். ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு ஒருவர் கழிச்சேற்றில் இறங்கிப் பறவையைப் படமெடுக்கிறார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? உன் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கொக்கு விரட்டியவர். "நான் வெரட்டனதுங்கள எல்லாம் இவன் தேடிகினு போறான்" என்று தலையில் அடித்துக்கொள்வார். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம். விடியலில் ஏரிக்குப் போனவர், கால் முழுக்கச் சேறோடு மண்டபத்தில் வந்து இறங்கியபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. கொஞ்சமும் கூசாமல், "இன்னொரு தபா கட்டுங்க மாப்ள, இப்பத்தான் வெளிச்சம் நல்லாகீது" என்றாரே பார். அந்த மாப்பிள்ளையும் நல்லவர், மறுபடி கட்டினார். அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வேலை செய்தது கல்யாணத்தில், வாழ்ந்தது கழியில். வேடந்தாங்கல் பக்கம் பறவைக்குக் காவல் இருக்கிறது, ஊரே பார்த்துக்கொள்ளும். திருப்போரூருக்குக் கிழக்கே இந்த உப்புக் கழியைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். மழைக்கு ரொம்பி, கோடைக்கு வற்றி, பாதி சேறும் பாதி உப்புமாகக் கிடக்கிற இடம். அதில்தான் பவளக்காலி முட்டை வைக்கும் என்று முதலில் படத்தோடு காட்டியவர் அவர். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, குச்சி குச்சியாகச் சிவப்புக் கால். கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. சேற்று மேட்டில் நாலு சுள்ளியைப் போட்டு முட்டையை வைத்துவிட்டு, வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் நிற்கும். தாயின் வயிற்று ஈரம் இல்லாவிட்டால் முட்டை வெந்துவிடும். இதை அவர் எனக்குச் சொன்னபோது கல்யாணமாகி ஒரு மாதம். பெண்டாட்டியிடம் பேச வேறு விஷயமே இல்லையா என்று அழுதேன்.

அவர் வேலை செய்கிற விதம் உனக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நாலு மூங்கில் நட்டு, கோணிப்பை தைத்து மூடி, ஓட்டை வைத்த ஒரு கோணிக் குடிசை. அதற்குள் ஒருவர் நுழைந்தால் பறவை பார்த்துக்கொண்டே இருக்கும், கிட்டே வராது. ஆனால் பறவைக்கு எண்ணத் தெரியாது. இரண்டு பேர் குடிசைக்குள் போய், ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்து போய்விட்டால், எல்லாரும் போய்விட்டார்கள் என்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பிவிடும். அந்தப் போகிற ஆள் நான். வருஷக்கணக்காக அதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. "குடைய விரிச்சிகினு, கைய நல்லா ஆட்டிகினு போ மே. அது பாக்கணும். திரும்பிப் பாக்காத" என்பார். நான் வரப்பு மேல் ஊருக்கே தெரிகிற மாதிரி ஆட்டிக்கொண்டு நடந்து டீக்கடைக்கு வந்து உட்காருவேன். வெளிநாட்டில் இருந்தெல்லாம் அவருக்குச் சான்றிதழ் வந்தது. அந்தப் படங்களில் நான் எங்கே என்று கேட்டால், அப்போதுதான் அங்கிருந்து போனேன் என்பதுதான் பதில்.

அந்த இடத்தைக் காப்பாற்றவும் நாங்கள் சேர்ந்துதான் அலைந்தோம். காப்பாற்றினோம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல வீட்டு டைப்ரைட்டரில் மனு அடிப்பேன். கழியைச் சரணாலயமாக அறிவிக்க வேண்டும், மண் அடிக்கக் கூடாது, பறவை முட்டை வைக்கச் சின்னச் சின்ன மேடு போட்டுத் தர வேண்டும். திங்கட்கிழமை அவர் அதை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த தாலுகா அலுவலகத்துக்கே வருவார். நானே முத்திரை குத்தி வாங்குவேன். "வணக்கம் மேடம்" என்பார், "உட்காருங்க சார்" என்பேன், பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து, "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் அடிக்கச் சொல்லி என்னிடமே வரும். மனுவும் நான் அடித்தது, பதிலும் நான் அடித்தது. அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்ததும் அவர் பிரித்துப் படித்துவிட்டு, "இந்த தபா பரவால்ல மே, உள்ளதுன்னு போட்டுக்கீறாங்க" என்பார். அவரைப் போல நம்புகிற ஆளோடு வாழ்வது சுலபம் இல்லை.

அதே மேஜையில்தான் நான் அந்தக் காரியத்தையும் செய்தேன். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். கழியைப் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. பார்க்கப் போனவர்கள் கோடையில், சொட்டுத் தண்ணீர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார்கள். அறிக்கையை அடிக்க என்னிடம் தந்தார்கள். "தரிசு. நீர் தேங்குவதில்லை. பறவைகள் ஏதும் காணப்படவில்லை." மூன்றே வரி. அந்தத் தண்ணீரில் முழங்கால் வரை நனைந்து நடந்தவள் நான். "சார், இது தப்பு சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறொருத்தியை அடிக்கச் சொல்லியிருப்பார்கள், எனக்கு எங்காவது மாற்றல் வந்திருக்கும், உன் படிப்பு என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அதை உன் அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது சொன்னாலும் அவருக்குப் புரியாது. உன் கம்பெனி வைத்திருக்கிற காகிதக் கட்டில் அடியில் எங்காவது அந்த மூன்று வரி இருக்கும் பார், அது உன் அம்மா கைவேலை. எனவே உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு உத்தியோகத்தில் இருக்கிறாய். உத்தியோகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் எழுந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். "மே, இன்னிக்கு என்கூட யாரு வர்றது?" என்பார். இரண்டு பேர் வேண்டுமே. முழங்கால் வலி, அடுத்த வாரம், மழை வரும்போல இருக்கு என்று தினம் ஒன்று சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தேன். போன மாதம் என்னால் முடியாமல், சரி வாங்க என்று ஒரு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். கழி என்னவாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீதான் சொல்லியிருக்கிறாயே. எட்ட நின்று கொஞ்சம் தண்ணீரைக் காட்டித் திருப்பி அழைத்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வளைவில் திரும்பியதும் உன் கம்பெனி போர்டு. இரண்டு மாடி உயரம் இருக்கும். பவளக்காலி முட்டை மேல் நிற்கிற படம், அந்தப் படம். வயிற்றில் இருந்து சொட்டுகிற தண்ணீர்கூடத் தெரிகிறது. கீழே "இனி இது உங்கள் கூடு" என்று எழுதியிருந்தது. "நிறுத்து, நிறுத்து" என்று அவர் ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். எழுத்தைக் கூட்டிப் படிக்க இப்போது அவருக்கு வருவதில்லை. படம் தெரிந்துவிட்டது. இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "நம்ம பவளக்காலி மே! எவ்ளோ பெர்சா போட்டுக்கீறாங்க. சரணாலயம் ஆக்கிட்டாங்களா? எப்போ? எங்கிட்ட ஏன் மே சொல்லல?" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் வருகிறது. நான் என்ன சொல்லட்டும்? "ஆமாங்க" என்றேன். என் ஆயுசில் அவர் மனுவுக்கு நான் தந்த ஒரே நல்ல பதில் அதுதான், பாப்பா.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி எழுந்து வந்தார். "பெரியவரே, உள்ள வுட மாட்டாங்க. ஆர்டர் இல்ல" என்றார் கொஞ்சம் கறாராக. உன் அப்பா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கரெக்ட்டு தம்பி. யாரையும் வுடாத. கேமரா எட்த்துகினு வருவானுங்க, அவனுங்களயும் வுடாத. என்னையே வுடாத" என்றார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி பெரியவரே, நான் வுட மாட்டேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க" என்று தன் நாற்காலியைத் தூக்கிப் போட்டு, தன் பாட்டிலில் இருந்தே தண்ணீர் கொடுத்தார். அப்போது செம்மண் லாரி ஒன்று உள்ளே போயிற்று. "இன்னாத்துக்கு மண்ணு?" என்று கேட்டார் அப்பா. "உள்ள ரொப்பறதுக்கு" என்றார் அவர். உன் அப்பா என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பூரிப்பாக, "மேடு போடறாங்க மே! முட்ட வெக்கறதுக்கு. நான் எயுதிக் குடுத்தேனே, நீதான டைப் அட்ச்ச?" என்றார். ஆமாம், நான்தான் அடித்தேன். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பத்து வருஷத்தில் அவரை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதை உடைக்க எனக்குத் தெம்பு இல்லை. உடைக்காமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தை நீதான் எடுத்துக் கொடுத்திருப்பாய். உன் வீட்டுக் கூடத்தில் இருக்கிற படம்தானே. "அப்பா எடுத்ததுலயே இதுதான்மா பெஸ்ட்டு, நம்ம வீட்ல மட்டும் ஏன் மாட்டல?" என்று நீ அடிக்கடி கேட்பாய். ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் மழுப்புவேன். அந்தப் படம் எடுத்த நாளை நீ எல்லோருக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாய். உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடுங்கிச் சொன்னாயே, ஒன்பது வயதில் சேற்றில் புதைந்த கதை. இடுப்பு வரைக்கும் போய்விட்டேன், எங்கப்பா பத்தடியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார், காற்று எதிர்ப்பக்கம், பாவம் அவருக்குக் கேட்கவே இல்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். பத்தடி இல்லை, நூறடி இருக்கும். புதைந்தது வரைக்கும் சரி. அன்று உன் அப்பா மேடையை விட்டு இறங்கிக் கை கழுவப் போனவர் அரைமணி நேரம் திரும்பவே இல்லை, நீ கவனித்திருக்க மாட்டாய்.

அது ஜமாபந்தி நேரம், ஊர்க் கணக்கெல்லாம் சரிபார்க்கிற சமயம், எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு, அந்த வருஷம் கோடை மழையில் கழியிலும் தண்ணீர் நின்றது. "பாப்பாவ கூட்டிகினு போறேன், அதுவும் நடக்கும்" என்றார். நான்தான் உன் தலையை வாரி, என் குடையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அப்பா சொன்னபடி நீ குடிசைக்குள் போய், வெளியே வந்து, குடையை விரித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே வரப்பில் நடந்திருக்கிறாய். டீக்கடையில் போய் உட்கார வேண்டியவள், அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று கிடந்த ஒரு இறகை எடுக்க வரப்பை விட்டு இறங்கினாய். கழியில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த எல்லம்மாதான் குடை கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து ஓடி வந்து உன்னை இழுத்துப் போட்டாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு குடிசைக்குப் போய்க் கோணியைப் பிய்த்து எறிந்தாள். "இன்னாயா மன்ஷன் நீ? கொயந்த தொண்ட கிய்ய கத்துது, நீ கோணிக்குள்ள குந்திகினு கீற?" என்று கேட்டாளாம். அவர் உன்னிடம், "கேக்கலமா, காத்து அந்தாண்ட அட்ச்சிது" என்றார். நீ நம்பினாய். நானும் ஒரு வருஷம் நம்பினேன்.

உனக்குத் தெரியும், அவர் குடிசைக்குள் இருந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் நோட்டில் எழுதுவார். பறவை எப்போது வந்தது, எப்போது போனது, வெளிச்சம் எப்படி எல்லாம். நெகடிவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வருஷத்துக்கு ஒரு தரம் அரிசியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் மாற்றி வைப்பது என் வேலை. அப்படி மாற்றும்போது அந்த நோட்டு கையில் வந்தது. அதில் இருக்கிறதை அப்படியே எழுதுகிறேன். "9.40 பாப்பா கூப்பிடுகிறாள். 9.42 தாய் தண்ணீரில் இறங்கியது. 9.44 மறுபடி கூப்பிடுகிறாள். தாய் வந்துவிட்டது, வயிறு ஈரம். முட்டை மேல் நிற்கிறது. நல்ல வெளிச்சம். 9.50 பாப்பா. 9.58 சத்தம் இல்லை." அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்றைய பக்கம் அதோடு முடிகிறது.

நோட்டை எடுத்துப் போய் அவர் மடியில் போட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் மறுக்கவில்லை. "அடம் புடிக்கறான்னு நெனச்சேன் மே. டீக்கட வரிக்கும் தனியா போவ பயந்துகினு வரப்புல குந்திகினு கூப்டறான்னு நெனச்சேன். நான் வெளிய வந்தா அது பறந்துடும். அந்த வெயிலுக்குப் பத்து நிமிஷத்துல முட்ட வெந்துடும் மே" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அப்பறம் சத்தம் நின்னுது. சரி, போய்ட்டான்னு நெனச்சேன்" என்றார். அதற்கப்புறம் குடிசைக்கு உன்னை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நீயோ அப்பாவுக்குப் பறவைதான் முக்கியம், என்னைக் கூட்டிப்போகவே மாட்டேன் என்கிறார் என்று அவரோடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இடையில் இருந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். உனக்குச் சொன்னால் அப்பா உனக்கு இல்லாமல் போய்விடுவார், சொல்லாவிட்டால் நீ எட்டிப் போகிறாய். எதைச் செய்வது என்று தெரியாமலே முப்பது வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நாலைந்து தரம் எடுத்திருக்கிறேன். அவர் எழுதினதில் ஒரு வரியைக்கூட நான் கிழித்ததில்லை, இதை மட்டும் எப்படிக் கிழிப்பேன்?

பெட்டி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போன வாரம் எல்லம்மா வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. மிச்சம் இருக்கிற பாதிக் கழியிலும் மண் அடிக்கப் போகிறார்களாம், இறால் தடவுகிற பெண்களெல்லாம் சேர்ந்து கேஸ் போட்டிருக்கிறார்கள். "அத்தயும் ரொப்பிட்டா நாங்க எங்கக்கா போறது? தண்ணி நின்னுது, பறவ குஞ்சு பொரிச்சிதுன்னு எவனாவது எயுதி வெச்சிகீறானான்னு வக்கீலு கேட்டாரு. எங்க சாரு எப்பப் பாத்தாலும் எயுதிகினே இருப்பாரேன்னு சொல்ட்டேன். அந்த நோட்டு வோணும்க்கா" என்றாள். மண் அடிப்பது உன் கம்பெனி என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்து, "பாத்துச் சொல்றேன் எல்லம்மா" என்றேன். பரிசீலனையில் உள்ளது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன், பழக்கதோஷம். அவள் படியிறங்கும்போது திரும்பி, "பாப்பா நல்லாகீதா? அன்னிக்கு சேத்துலேர்ந்து எட்த்தப்ப என் கயுத்தக் கட்டிகினு வுடவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார், என் நிலைமையை. பெட்டியை உன்னிடம் கொடுத்தால், அதில் அவர் எழுதி வைத்த ஒவ்வொரு வருஷத்துக் கூடும் முட்டையும் உன் கம்பெனி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், கழி தரிசாகவே முடியும். எல்லம்மாவிடம் கொடுத்தால் உன் உத்தியோகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, என் சொந்த அம்மாவே எனக்கு எதிராகக் கொடுத்தாள் என்று நீ நினைப்பாய். அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவர், கழி பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருக்கிறார். இந்த வயதில் ஒரு தாய் மகளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் கேட்டும் எழுந்திருக்கவில்லை, நான் தெரிந்தும் டைப் அடித்தேன். இரண்டுக்கும் எங்களிடம் நல்ல காரணம் இருந்தது. உன்னிடமும் இருக்கும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சாவி அதன் மேலேயே இருக்கிறது. நான் ஒளித்து வைக்கவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. போன தடவை நீ வந்தபோது அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம் யாரு?" என்று என்னைக் கேட்டார். நீ சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாய். எனக்குக் கேட்டது. நானும் வரவில்லை, பார்த்தாயா, எங்கள் குடும்பப் புத்தி. அவருக்கு உன் முகம் போய்விட்டது. உன் குரல் போகவில்லை. கீழ்வீட்டுக் குழந்தை அழுதால் போதும், செருப்புக்கூட இல்லாமல் எழுந்து வாசலுக்கு ஓடுகிறார். "பாப்பா கூப்டறா மே, வுடு, பாப்பா கூப்டறா" என்கிறார். கையில் காபி டம்ளர் இருந்தாலும் சரி, சோற்றில் கை இருந்தாலும் சரி, போட்டுவிட்டு ஓடுகிறார். படியில் விழுந்துவிடப் போகிறார் என்று முதலில் பிடித்துப் பிடித்து இழுத்தேன். இப்போது இழுப்பதில்லை. கூடவே இறங்கிப் போகிறேன். கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ரோட்டில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், "சத்தம் நின்னுப்போச்சு மே" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார். ஒரு நாளைக்கு மூன்று தரமாவது இது நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது காலிங் பெல்லை அடிக்காதே. பெட்டியை எடுக்க நேரே மேலே ஏறியும் வராதே. கீழே கேட்டுப் பக்கத்தில் நின்று, "அப்பா" என்று ஒரு தரம் கூப்பிடு. படியில் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன். கொஞ்சம் பொறுத்திரு, முன்னைப் போல அவரால் நடக்க முடியாது. ஆனால் எழுந்து வருவார்.

அம்மா